அந்த வாசலில் மரம் இல்லை

மூன்றாம் டிவிசன் லயம்,
லாலான் மேட்டுத் தோட்டம், ஜாசின்.
3.2.1952

அன்புள்ள சந்திரா,

பத்திரிகை கைக்கு வந்துவிட்டது. உள்ளே நம் பெயர்! நம் பெயர் எங்கே, இருவருக்குமாக வைத்துக்கொண்ட 'பூங்கோதை'யின் பெயர். மலாக்காப் பள்ளிக்கூடத்தில் ஒரே கட்டுரையைப் பாதி நீயும் பாதி நானுமாக எழுதி இருவரும் அடி வாங்கினோமே, அதே வேலையை இப்போது ஊரறியச் செய்கிறோம். ஒரே தொடர்கதையில் ஓர் அத்தியாயம் நான், ஓர் அத்தியாயம் நீ என்ற கூத்துக்கு ஆசிரியர் தங்கையா அண்ணன் ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம்.

என் அத்தியாயத்தைப் படித்தாயா? போன வருஷம் எங்களையெல்லாம் பழைய லயங்களிலிருந்து பிடுங்கிக்கொண்டுவந்து ஒரே முள்வேலிக்குள் வைத்தார்கள் அல்லவா, அந்த வேலியின் கிழக்குக் கேட்டைத்தான் எழுதினேன். கோணல் விளக்குக் கம்பம், மணல்மூட்டைக் காவல் கொட்டகை, ரப்பர் பால்வாளியோடு வரிசையில் நிற்கும் பெண்கள். நம் பவளம் என்ன நினைக்கிறாள், அழுகிறாளா என்று ஒரு வரிகூட இல்லை. அவள் கேட்டுக்கு உள்ளே நிற்கிறாள், புருஷன் வெளியே ரப்பர் மரம் சீவும் வெட்டுக்காட்டில் இருக்கிறான். நிற்கிற இடமே பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர்தான் அந்தக் கேட்டுக்கு வாட்ச்மேன் என்பது உனக்குத் தெரியும். வாசித்துக் காட்டினேன். "கம்பத்தக்கூட விடலியா நீ? நம்ம கேட்டேதான்லா இது!" என்று ஒரே சிரிப்பு.

இனி உன் முறை. எழுதுமுன் ஒரு தடவை பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போயேன். பர்மிட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வெளியில் நின்றாவது பார். முடியாவிட்டால் எழுதியதை எனக்குக் காட்டிவிட்டு அனுப்பு. வெளியில் சாதாரணமாக இருக்கிறதெல்லாம் இங்கே சாதாரணம் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். உன் கதைகளில் வரும் பெண்கள் எல்லாரும் கதவு நிலையில் சாய்ந்துகொண்டே பேசுகிறார்கள். ஒருத்திகூட நாற்காலியில் உட்காரவில்லை. வேண்டுமென்று செய்கிறாயா, தானாக வருகிறதா?

ஆயாக் கொட்டகையில் நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். நிறுத்துகிறேன்.

உன்
கோமளா


மலாக்கா
14.2.1952

என் அன்பான கோமளா,

உம்முடைய கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நீர் என்னை 'நீ' என்று எழுதுவதும் நான் உம்மை 'நீர்' என்று எழுதுவதும் பார்த்து இவர் சிரிக்கிறார். யாழ்ப்பாணத்து வாய் இனி எங்கே மாறப்போகிறது?

ஒரு ஜீவன் ஒரு கேட்டைப் பார்க்கவா ஜாசினுக்கு வரவேண்டும்? நீர் எழுதினதே கண்ணில் நிற்கிறது. தங்கையா வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று நெருக்கினபடியால் அத்தியாயத்தை நேரே அவருக்கு அனுப்பிவிட்டேன். உமக்குக் காட்ட நேரமில்லை, மன்னியும்.

உண்மையைச் சொல்லட்டுமா? உம்முடைய அத்தியாயம் ஒரே வெயிலும் கம்பியுமாக இருந்தது. ஞாயிறு மத்தியானம் பாயில் படுத்து வாசிக்கிற சனத்துக்குக் கொஞ்சம் நிழல் வேண்டாமா? கேட்டைத் தாண்டியதும் வடிவான ஆலமரம் ஒன்று வைத்தேன். பவளம் தூக்குச்சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டு வருகிறாள். வாட்ச்மேன் நல்ல மனுசன், "போ தாயே" என்று கேட்டைத் திறந்துவிடுகிறார். மரத்தடியில் புருஷன் சாப்பிட, இவள் முந்தானையால் விசிறுகிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கிப் போயிற்று.

கதவு நிலையைப் பற்றிக் கேட்டீர். முன் அறை மேசை இவருடைய ஆபீஸ் கடதாசிகளுக்கு. நான் குசினிப் பலகையில் இருந்துதான் எழுதுகிறேன். ஆரும் வந்தால் கதவு நிலையில் நிற்கத்தான் எனக்கு இடம். போதுமா? என்னை இப்படியெல்லாம் வாசிக்காதையும், கூச்சமாக இருக்கிறது.

அன்புடன்
சந்திரா


லாலான் மேட்டுத் தோட்டம்
9.3.1952

சந்திரா,

என்ன காரியம் செய்துவிட்டாய்! சோறா? வேலிக்கு வெளியே சோறா?

ஒரு பிடி சோறு, ஒரு துண்டு ரொட்டி, எதுவும் இந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடுமாம். அவசரகாலச் சட்டம். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியலில் வெறுங்கையோடு போய், பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துதான் சாப்பிடுகிறார்கள். மீறினால் ஜெயில். நீ தினசரி படிக்கிறவள்தானே, இது உனக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். கதை எழுத உட்கார்ந்ததும் மறந்துபோயிருக்கும். கதை என்றால் பெண்சாதி சோறு கொண்டுபோக வேண்டும், மரத்தடியில் பரிமாற வேண்டும். எங்கெங்கோ படித்ததெல்லாம் கையில் வந்துவிட்டது உனக்கு.

ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி அதை எல்லாருக்கும் உரக்க வாசித்துக் காட்டியிருக்கிறார். கோணல் கம்பம், மணல்மூட்டை, கிழக்குக் கேட். யாருக்கு அடையாளம் தெரியாது? அந்தக் கேட்டில் சோற்றை விடுகிற வாட்ச்மேன் யார்? துரை காதுக்குப் போயிற்று. வியாழக்கிழமை போலீஸ் ஜீப் வந்து என் வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. சட்டை மாற்றக்கூட விடவில்லை. "நான் யாருக்கும் சோறு விட்டதில்லைங்க" என்று ஜீப்பிலிருந்து கத்திக்கொண்டே போனார்.

ஜாசின் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், மரியாதையாகவே பேசினார். இரண்டு அத்தியாயத்தையும் மொழிபெயர்த்து மேசையில் வைத்திருந்தார். முதல் அத்தியாயம் நான் எழுதியது, இரண்டாவது என் சினேகிதி எழுதியது, அவள் இந்தத் தோட்டத்தைப் பார்த்ததே இல்லை என்றேன். பெயர் கேட்டார். சொல்லவில்லை. "அப்படி ஒரு சினேகிதி இல்லை. முதல் அத்தியாயத்தில் ஒரு பொய்கூட இல்லையே அம்மா. இரண்டாவதில் மட்டும் எப்படிப் பொய் வரும்?" என்று கேட்டார். சந்திரா, என் எழுத்தை யாரும் இதுவரை இப்படிப் பாராட்டியதில்லை. வெளியே வந்து சாலையோரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

விசாரணை இல்லாமலே தடுப்புக் கேம்ப்பில் போட்டுவிடலாமாம். இல்லாவிட்டால் குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்புவார்களாம். நான் மலாக்காவில் பிறந்தவள். எந்த ஊருக்கு என்னை அனுப்புவார்கள்?

இப்போது கேட்டில் வாளிகளைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா பிள்ளைத்தாய்ச்சி. அவள் பாட்டிலில் கொண்டுபோன வெறும் கோப்பியையும் மண்ணில் கொட்டிவிட்டார்கள். "ஏன்க்கா, கத எழுத ஒனக்கு வேற எடமே கெடைக்கலியா?" என்று கேட்டாள். மற்ற பெண்கள் அதுகூடக் கேட்பதில்லை. பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள்.

உன் பெயரை நான் சொல்ல மாட்டேன். நீயாக வந்து சொன்னால் அது வேறு.

கோமளா


மலாக்கா
15.3.1952

அன்பான கோமளா,

உம்முடைய கடிதம் கிடைத்தது. அந்தத் தடை தோட்டத்துக்கு வெளியில் கடத்துகிறவர்களுக்குத்தான் என்று நினைத்தேன். ஒரு பெண் தன் புருஷனுக்குக் கொண்டுபோகிற சோற்றையும் பிடிப்பார்கள் என்று சத்தியமாக எனக்குப் படவில்லை.

இவரிடம் சொன்னேன். இவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நான் கவர்மெண்டில் இருக்கிறேன். நீ போலீஸில் போய் நின்றால் நாளைக்கு என் கதி என்ன?" என்று கேட்டார். பிறகு சாப்பிடாமல் எழும்பிப் போய்விட்டார். இவர் கேட்டதும் நியாயம்தானே? பதவி உயர்வுக்குக் காத்திருக்கிற மனுசன்.

எனக்கு ஒரு யோசனை வருகிறது. மூன்றாம் அத்தியாயத்தைக் காவேரிக் கரையில் தொடங்குவோம். பவளம் கண் விழிக்கிறாள், ஊரில், ஆற்றங்கரையில். சோறு கொண்டுபோனது, கேட், வாட்ச்மேன் எல்லாமே அவள் கண்ட கனவு. இதை அச்சில் பார்த்தால் போலீஸும் இது வெறும் கற்பனை என்று விட்டுவிடும்தானே? நான் கெதியாக எழுதித் தந்துவிடுவேன்.

உம்முடைய வீட்டுக்காரருக்கு இரண்டு வேட்டியும் சட்டையும் ஜாசின் பஸ்ஸில் அனுப்புகிறேன். தயவுசெய்து வாங்கிக்கொள்ளும். என்மேல் கோபம் வேண்டாம்.

சந்திரா


லாலான் மேட்டுத் தோட்டம்
20.3.1952

சந்திரா,

வேட்டி சட்டை கிடைத்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். மெலிந்துவிட்டார்.

காவேரிக் கரை வேண்டாம். நானும் நீயும் காவேரியைப் பார்த்திருக்கிறோமா? இங்கே லயத்தில் பாதிப் பேர் பார்த்ததில்லை. பார்த்த கிழவர்களும் அதில் தண்ணீர் இல்லாமல்தான் கப்பலேறி வந்தார்கள். பவளத்தைத் தூக்கி ஆற்றங்கரையில் போட்டால் இந்த வேலி எங்கே போகும்? புருஷனைப் பார்க்காத ஏக்கம் காவேரிக் கரையிலும் வரலாம், ஜாசினிலும் வரலாம். ஆனால் இங்கே மட்டும்தான் அதற்கு நடுவில் ஒரு கேட்டு நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் கதையில் என்ன மிச்சம்? பெண்சாதி, புருஷன், கருவாட்டுக் குழம்பு. அதை யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள்.

கனவு என்று வேறு சொல்கிறாய்! என் வீட்டுக்காரர் ஸ்டேஷன் சிமெண்ட் தரையில் படுத்திருக்கிறார். அவரிடம் போய் எல்லாம் கனவு என்று சொல்லட்டுமா?

மூன்றாம் அத்தியாயத்தை நானே எழுதுகிறேன். முறைப்படியும் அது என்னுடையதுதான். அதே கேட்டுதான். இந்தக் கடிதத்தைப் போலீஸ் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

உன் வீட்டுக்காரர் கேட்டது நியாயம். இல்லை என்று சொல்லவில்லை. எனக்கும் ஒரு வீட்டுக்காரர் இருக்கிறார், அவ்வளவுதான். திங்கட்கிழமை அவரை ஜாசினிலிருந்து வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறார்களாம். எங்கே என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் யார் வந்து என்ன சொன்னாலும் கேட்க ஆள் இருக்காது.

கோமளா


மலாக்கா
29.3.1952

அன்பான கோமளா,

இந்நேரம் உமக்குத் தெரிந்திருக்கும். என்றாலும் நடந்ததை என் கையால் எழுத வேண்டும்.

உம்முடைய கடிதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிறு முழுக்க நான் ஒரு வேலையும் செய்யவில்லை. திங்கள் காலை இவர் ஆபீசுக்குப் போக முன்னமே சேலை மாற்றிக்கொண்டு வந்து, "ஜாசினுக்குப் போகிறேன்" என்றேன். "போனால்?" என்றார். "போனால் போனதுதான்" என்றேன். எனக்கு அப்படி ஒரு வாய் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

இன்ஸ்பெக்டரிடம் என் பெயரைச் சொன்னேன். இரண்டாம் அத்தியாயம் முழுக்க நான் எழுதியது, அந்தத் தோட்டத்தை நான் கண்ணால் கண்டதில்லை என்றேன். அவர் நம்பவில்லை. "சரி, வாருங்கள், பார்ப்போம்" என்று ஜீப்பில் ஏற்றி உங்கள் தோட்டத்துக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கேட்டுக்கு அரை மைல் முன்னாலேயே நிறுத்தி, "கேட்டைத் தாண்டினதும் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். ஆலமரம் என்றேன். "கதையில் கேட்கவில்லை, உண்மையில்?" என்றார். எனக்குத் தெரியாதே, கோமளா! எனக்கு அந்த மரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது.

பிறகு கேட்டடியில் கொண்டுவந்து இறக்கி, கதையில் எதை எங்கே வைத்தேன் என்று கையால் காட்டச் சொன்னார். மரம் இல்லை. வேலியைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டின தூரம் ஒன்றுமே இல்லை, எல்லாம் வெட்டிச் சுட்டுப்போட்ட மொட்டைத் தரை. ஒளிய ஒரு புல்கூட விடவில்லை. நான் பவளத்தையும் அவள் புருஷனையும் இருத்தி வைத்த இடத்தில் வெயில்தான் இருந்தது. மூடின கேட்டில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் சின்னக் கதவு. தூக்குச்சட்டியும் கையுமாக ஒருத்தி அதில் எப்படி வருவாள்? கடைசி வீட்டுப் பிள்ளையின் சட்டை முள்கம்பியிலேயே காய்ந்தது. உம்முடைய அத்தியாயத்தில் அந்தச் சட்டை இருந்தது. வாசித்தேன், ஆனால் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "பார்க்காமல் எப்படி அம்மா எழுதினீர்கள்?" "கதைகளில் அப்படித்தான் வரும்." "எந்த ஊர்க் கதைகளில்?" ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்து ஒரு வாக்குமூலம் தட்டச்சு செய்தார். இந்த இடத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, நான் எழுதியவை எதுவும் இந்த இடத்துக்குரியவை அல்ல. அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். கோமளா, எழுதுகிற ஒருத்திக்கு இதைவிட வெட்கம் வேறு இல்லை. ஆனால் சந்தோஷமாகத்தான் போட்டேன்.

உம்மைக் கண்கள் தேடின. காணவில்லை. அழைத்துப் பேச எனக்கும் பயமாக இருந்தது. உம்முடைய வீட்டுக்காரரை அன்றைக்கே கொண்டுபோகவில்லை என்று மட்டும் கேட்டறிந்தேன். மிச்சத்தை நீர்தான் எழுத வேண்டும்.

இவர் என்னோடு கதைப்பதில்லை.

உம்முடைய
சந்திரா


லாலான் மேட்டுத் தோட்டம்
14.4.1952

என் அருமைச் சந்திரா,

வந்துவிட்டார்! சித்திரை முதல் நாளுக்கு முந்தின சாயங்காலம், ஜாசினிலிருந்து லாரியில் வந்து இறங்கினார். தாடியும் மீசையுமாக அடையாளமே தெரியவில்லை. கேட் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள், புல்வெட்டுக்குப் போட்டிருக்கிறார்கள். "போவுதுலா. இனிமே நான் யாரையும் தொட்டுத் தடவிப் பாக்க வேணாம்" என்கிறார். அந்த வேலை அவருக்கு இத்தனை நாள் பிடிக்கவில்லை என்பது எனக்கே இப்போதுதான் தெரியும்.

நீ வந்ததை நான் பார்த்தேன். ஆயாக் கொட்டகை ஜன்னலில் ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். வெயிலில் நின்று இங்கே மரம், அங்கே வழி என்று கையைக் காட்டிக் காட்டித் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டிருந்தால் இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு நடிக்கிறோம் என்பார்கள். வாயைப் பொத்திக்கொண்டேன். மகராசி, நீ நன்றாக இருக்க வேண்டும்.

லயத்துப் பெண்கள் இரண்டாம் அத்தியாயத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள், அப்படி என்னதான் இருக்கிறது என்று. வாசித்தேன். ஆலமரம் வந்ததும் ஒரே சிரிப்பு. குஞ்சம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இருந்துட்டுப் போவட்டும்க்கா. கதையிலயாச்சும் ஒக்காந்து திங்கட்டுமே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உன்னை அத்தனை பேசினேனே, நிழல் கேட்டது நீ மட்டும் இல்லை போலிருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், மரம் இல்லாத இடத்தில் மரத்துக்கு ஏங்குகிறார்கள் என்று எழுதலாம். மரம் இருக்கிறது என்று எழுதக் கூடாது.

மூன்றாம் அத்தியாயம் முடிந்துவிட்டது. பவளம் சோறு வடித்து மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கு உள்ளே நிற்கிறாள். தூரத்தில் மொட்டைத் தரையில் புருஷன் வருகிறான், வாளிகள் தொங்கும் காண்டா கம்பு தோளில், நடையில் தள்ளாட்டம். பார்க்கிறாள், எட்டிப் போய்ப் பிடிக்க முடியாது. சோறு வேலிக்கு உள்ளே, பசி வேலிக்கு வெளியே. அவ்வளவுதான் அத்தியாயம்.

தங்கையா அண்ணன் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார். தஞ்சாவூருக்கு மாற்றினால் பூங்கோதை என்றே போடுகிறாராம். இதே தோட்டம்தான் என்றால் சொந்தப் பெயர் போட வேண்டுமாம். போலீஸ் வந்து கேட்டுவிட்டுப் போன பிறகு புனைபெயருக்குப் பின்னால் ஆளை ஒளித்துவைக்க அவரால் முடியாதாம். என் பெயரைப் போடச் சொல்லி எழுதிவிட்டேன். துரை லயத்தைவிட்டுப் போகச் சொன்னால் புலாவ் செபாங்கில் ரயில் ரோட்டு வேலை கேட்டிருக்கிறோம், போய்க்கொள்வோம். எழுதாமல் இருக்க மாட்டேன்.

உன் பெயரைப் போடச் சொல்லவில்லை. நீ செய்தது போதும். உன் வீட்டில் நீ நிம்மதியாக இருக்க வேண்டும்.

உன்
கோமளா


மலாக்கா
11.5.1952

என் அன்பான கோமளா,

மே மாதப் பத்திரிகை உமக்கு வந்து சேர்ந்ததா? திறந்து பார்த்துக் கத்தியிருப்பீர். ஓம், நான்தான் தங்கையாவுக்கு எழுதினேன். உம்முடைய அத்தியாயத்தில் ஒரு வரியும் என்னுடையதில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இரண்டாம் அத்தியாயத்தை எழுதியவள் என்று தனியாக என் பெயரைக் கீழே போடச் சொன்னேன். தப்பாக எழுதினதற்கும் ஓர் ஆள் இருக்க வேண்டும் அல்லவா?

இவருக்கு மாற்றல் ஓடர் வந்துவிட்டது. குவாலா லிப்பிஸ். பதவி உயர்வு இல்லை. என்னால்தான் என்று இவரும் சொல்லவில்லை, இல்லை என்று நானும் சொல்லவில்லை. நேற்று பெட்டி கட்டும்போது, பேச்சு நின்று இத்தனை நாளுக்குப் பிறகு, "உன்னுடைய சினேகிதி எழுதினதை வாசித்தேன்" என்றார். நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். "பவளத்தின் புருஷன் கேட்டுக்கு வந்து சேர்ந்தானா?" என்று கேட்டார். தெரியாது, கோமளா எழுதவில்லை என்றேன். பெட்டிக் கயிற்றை முடிந்தார். "வந்து சேர்ந்தால் எனக்கும் சொல்" என்றார்.

நாலாம் அத்தியாயம் என் முறை. அதையும் நீரே எழுதும். ஐந்தாவதை நான் எழுதுகிறேன், லிப்பிஸிலிருந்து. அங்கேயும் வேலி இருக்கிறதாம், காடு வீட்டு முற்றம் வரை வருகிறதாம், ஆறு பழுப்பு நிறமாம். ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உம்முடைய
சந்திராதேவி இராஜரட்ணம்